போர்ட் லாக்ராய்: பென்குயின்களுக்கு நடுவே ஒரு பழைய ஆய்வு நிலையம் (போய் வந்தவர்களும் போக நினைப்பவர்களும் பேசலாம்)

#1 தென்கடல்

வணக்கம். ஜனவரியில் அண்டார்டிகா தீபகற்பம் வரை போய்விட்டு வந்தேன். பனிமலை, திமிங்கிலம் பற்றியெல்லாம் இங்கே ஏற்கெனவே நல்ல பதிவுகள் இருக்கின்றன. நான் ஒரே ஓர் இடத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அங்கே நான் இருந்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அங்கேயே நிற்கிறது.

போர்ட் லாக்ராய், தீபகற்பத்தின் மேற்குப் பக்கத்தில் வீன்கே தீவை ஒட்டிய ஒரு சின்னத் துறைமுகம். அதற்குள்ளே கூடியே தீவு என்று ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. ஒரு கால்பந்து மைதானம் அளவுதான் இருக்கும். அதன் மேல் கறுப்புச் சுவரும் சிவப்பு ஜன்னல் சட்டமுமாக ஒரு மரவீடு. பெயர் பிரான்ஸ்ஃபீல்டு ஹவுஸ். சுற்றிலும் வெள்ளையும் நீலமுமாகக் கிடக்கும் ஊரில் அந்தக் கறுப்பும் சிவப்பும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

பிரெஞ்சுக்காரர் ஷார்கோ 1904இல் இந்தத் துறைமுகத்தைக் கண்டறிந்து, தன் பயணத்துக்கு அரசு உதவி கிடைக்கப் பாடுபட்ட அரசியல்வாதி லாக்ராயின் பெயரை வைத்தார். 1911 முதல் 1931 வரை திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இங்கே நங்கூரம் போட்டன. அப்போது பாறையில் அடித்த சங்கிலிகள் இன்னும் துருப்பிடித்துக் கிடக்கின்றன. எதிர்க்கரையில் ஜூக்லா முனையில் திமிங்கில எலும்புகள் உண்டு. பிறகு 1944 பிப்ரவரி 11 அன்று, இரண்டாம் உலகப் போரின் நடுவே, பிரிட்டன் இங்கே ரகசியமாக ஒரு நிலையம் தொடங்கியது. டபாரின் நடவடிக்கை என்பது அதற்கு வைத்த பெயர். பாரிஸில் இருந்த ஓர் இரவு விடுதியின் பெயரை எடுத்து வைத்திருக்கிறார்கள். தலைவர் ஜேம்ஸ் மார். பதினெட்டு வயதில் சாரணர் சிறுவனாகத் துருவப் பயணி ஷாக்கிள்டனின் கடைசிப் பயணத்தில் போனவர் இவர்தான். உண்மையில் அவர் போக நினைத்தது ஹோப் விரிகுடாவுக்கு. அங்கே கடற்பனி வழி விடாததால் இங்கே வந்து சேர்ந்தார்கள். அந்தக் குளிர்காலத்தை ஒன்பது பேர் இந்தத் திட்டில் கழித்தார்கள்.

போர் முடிந்த பிறகு நிலையம் முழுக்க அறிவியல் வேலைக்கு மாறி, 1962 ஜனவரியில் மூடப்பட்டது. அப்புறம் முப்பது வருடத்துக்கும் மேல் காற்றும் பனியும்தான் குடியிருந்தன. அண்டார்டிக் ஒப்பந்தத்தின் கீழ் 1995இல் 61ஆம் எண் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். 1996 கோடையில் பழுது பார்த்துத் திறந்தார்கள். இப்போது பிரிட்டனின் அண்டார்டிக் பாரம்பரிய அறக்கட்டளை நடத்துகிறது.

சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இறங்குவதற்கு முன்னால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எங்கள் கப்பலுக்கே வந்து பேசினார். ஒரே நேரத்தில் 60 பேருக்கு மேல் தீவில் இருக்கக் கூடாது, பென்குயினுக்கு 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பென்குயின் வழியில் வந்தால் வழி அதற்குத்தான். பறவைக் காய்ச்சல் காரணமாக உட்காரவோ, மண்டியிடவோ, பையைத் தரையில் வைக்கவோ கூடாது. ரப்பர் படகில் ஏறுவதற்கு முன் பூட்ஸ் அடியில் ஒரு புல்விதைகூட ஒட்டியிருக்கவில்லையே என்று பார்த்துத்தான் விட்டார்கள்.

படகு நெருங்கும்போது முதலில் வந்தது நாற்றம். கோழிப் பண்ணையும் மீன் காயவைக்கும் இடமும் சேர்ந்த மாதிரி. வீட்டு வாசலுக்கு ஏறும் பாதையின் இரண்டு பக்கமும் ஜென்டூ பென்குயின்கள் கூழாங்கல் கூட்டில் குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தன. ஒன்று அடுத்த கூட்டிலிருந்து கல்லைத் திருடிக்கொண்டு என் காலுக்கு முன்னால் அவசரமாக நடந்து போனது. வாசலில் தூரிகையால் பூட்ஸைத் தேய்த்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே ஓர் அமைதி. சமையலறையில் பெரிய இரும்பு அடுப்பு, அலமாரி நிறையப் பழைய டின்கள். ஒரு கொக்கியில் எனாமல் குவளை. அதன் விளிம்பில், வாய் வைக்கும் இடத்தில் எனாமல் பெயர்ந்து கறுப்பாக இருந்தது. ஒரே பக்கத்தில் மட்டும். யாரோ ஒருவர் அந்தக் குவளையை வருடக்கணக்காக ஒரே கையில் பிடித்துக் குடித்திருக்கிறார். அதற்கு முன்னால் நான் ரொம்ப நேரம் நின்றேன்.

படுக்கை அறையில் கம்பளி உள்ளாடைகள் காயப்போட்டபடி தொங்குகின்றன. ஜெனரேட்டர் இருந்த பக்கம் ஒரு கதவில் மர்லின் மன்றோவின் முழு உருவ ஓவியம். குளிர்காலத்தில் பொழுது போகாமல் அங்கிருந்தவர் ஒருவர் வரைந்தது. பின்னால் வந்தவர்கள் அதன் மேல் வண்ணம் பூசி மறைத்துவிட, பழுது பார்க்கும்போது மறுபடி வெளியே வந்திருக்கிறது.

எனக்கு ஒன்று தோன்றியது. துருவம் என்றால் நமக்குக் கொடி நட்டவர்களும் பனியில் உயிர்விட்டவர்களும்தான் நினைவுக்கு வருகிறார்கள். இங்கே இருந்தவர்கள் யாரும் எந்தத் துருவத்தையும் தொடவில்லை. காலையில் எழுந்து அடுப்புப் பற்ற வைத்து, கருவியைத் திருப்பி, அளவைக் குறித்துவிட்டுத் தூங்கினார்கள். 18 வருடம் ஆள் மாற்றி ஆள் வந்து அதையே செய்தார்கள். அந்த வேலைக்கென்று ஒரு வீடு இன்னும் நிற்கிறதே என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வேறு யாராவது போயிருக்கிறீர்களா?

#2 சிற்றலை

அக்கா, நான் முப்பது வருடமாக அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவன். நீங்கள் கருவி என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் தீவே அந்தக் கருவிக்காகத்தான்!

அங்கே இருந்தது அயனோசோண்ட். அங்கிருந்தவர்கள் செல்லமாக வைத்த பெயர் பீஸ்டி. நம் தலைக்கு மேலே சுமார் 100 கி.மீ. முதல் 300 கி.மீ.க்கும் மேல் வரை, சூரிய ஒளி பட்டு மின்னேற்றம் அடைந்த காற்று அடுக்குகள் இருக்கின்றன. அயனி மண்டலம் என்பது இவைதான். சிற்றலை வானொலி கண்டம் தாண்டிக் கேட்பது அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்புவதால்தான். சின்ன வயதில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தூர தேசத்து நிலையம் தெளிவாகக் கேட்குமே, அதே சமாச்சாரம்.

பீஸ்டி செய்யும் வேலை கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்ப்பது போன்றது. ஆனால் மேல்நோக்கி. ரேடியோ துடிப்பை நேராக வானத்துக்கு அனுப்பும். எதிரொலி வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தால் அடுக்கின் உயரம் தெரிந்துவிடும். அதிர்வெண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் எதிரொலி நின்றுவிடும், அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அந்த அதிர்வெண்ணை வைத்து அங்கே எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். எல்லாம் ஃபிலிமில் பதிவாகும். அதைக் கழுவி, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து அளக்க வேண்டும்.

அண்டார்டிகாவில் அயனி மண்டலத்தை முதலில் அளந்த இடம் போர்ட் லாக்ராய். விஸ்லர் என்ற ஒலியை அண்டார்டிகாவில் முதலில் பதிவு செய்ததும் இங்கேதான். எங்கோ வட அரைக்கோளத்தில் மின்னல் வெட்டும். அதில் பிறக்கும் அலை பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் மேலே போய் இந்தப் பக்கம் வந்து இறங்கும். வழியில் உயர்ந்த சுருதி முந்திக்கொள்ளும், தாழ்ந்த சுருதி பின்தங்கும். அதனால் ஹெட்போனில் கேட்டால் விசில் மேலிருந்து கீழே வழுக்கி இறங்குவது போல இருக்கும். பனிக்கு நடுவே ஒரு மரவீட்டில் உட்கார்ந்து உலகத்தின் மறுபக்கத்து மின்னலைக் கேட்டிருக்கிறார்கள். நினைத்தாலே சிலிர்க்கிறது.

அக்கா, அந்த அறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்களேன்.

#3 தென்கடல்

சிற்றலை, நீங்கள் சொன்னது தெரிந்திருந்தால் அங்கே இன்னும் பத்து நிமிடம் நின்றிருப்பேன். அங்கிருந்தபோது எனக்கு அது பீரோ உயரத்துக்கு அடுக்கிய சாம்பல் நிறப் பெட்டிகளாகத்தான் தெரிந்தது. முகப்பு முழுக்க அளவு காட்டும் முள் தகடுகளும் திருகுகளும். பெரிய திருகு ஒன்றைச் சுற்றி வண்ணம் தேய்ந்து உலோகம் பளபளவென்று தெரிந்தது. விரல் பட்ட இடம். குவளை மாதிரியே.

பக்கத்தில் ரேடியோ மேசை, தட்டச்சுப் பொறி. பணியாளர் ஒரு விஷயம் சொன்னார். 1957-58 சர்வதேச புவி இயற்பியல் ஆண்டில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அளவெடுக்கும் திட்டத்தில் இதுவும் ஒரு முக்கிய நிலையமாம். அப்படியென்றால் நேரம் தப்பக் கூடாது. வெளியே என்ன காற்று அடித்தாலும், ஜெனரேட்டர் மக்கர் பண்ணினாலும், அளவு போயே ஆக வேண்டும்.

#4 முத்திரை

நான் அஞ்சல்தலை சேகரிப்பவன். இந்த இழையில் அஞ்சல் நிலையத்தைப் பற்றி யாரும் பேசாமல் விட்டால் தூக்கம் வராது.

இன்று போர்ட் லாக்ராய் என்றால் எல்லோருக்கும் தெரிவது அங்கே இருக்கும் தபால் ஆபீஸ்தான். ஒரு பருவத்தில் சுமார் 18,000 பேர் வருகிறார்கள், 70,000க்கும் மேல் அஞ்சலட்டைகள் போகின்றன. அட்டைகள் கப்பலில் ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போய், அங்கிருந்து பிரிட்டன் போய், அப்புறம் உலகமெங்கும் பிரியும். வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில்.

ஆனால் இந்தத் தபால் ஆபீஸ் சுற்றுலாவுக்காகப் பிறந்ததில்லை. 1944இல் டபாரின் குழு கரையிறங்கியபோதே அஞ்சல்தலைகளோடுதான் இறங்கியது. ஃபாக்லாந்து தீவுகளின் தலைகள் மேல் "கிரகாம் லேண்ட்" (தீபகற்பத்துக்கு பிரிட்டன் வைத்த பெயர்) என்று சிவப்பில் அச்சடித்துக் கொண்டுவந்தார்கள். மார் நிலையத் தலைவர் மட்டுமில்லை, நீதிபதியாகவும் பதவிப் பிரமாணம் எடுத்திருந்தார். ஏன் என்று கேட்டால், அதே நிலத்தை அர்ஜென்டினாவும் சிலியும் உரிமை கோரிக்கொண்டிருந்தன. தபால் முத்திரை குத்துகிறோம், நீதிபதி இருக்கிறார், எனவே இங்கே எங்கள் ஆட்சி நடக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது. எதிரிக் கப்பல்களைக் கண்காணிப்பது என்பது வெளியே சொன்ன காரணம். உரிமையை நிலைநாட்டுவதுதான் முதல் வேலை.

1959இல் கையெழுத்தாகி 1961இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிக் ஒப்பந்தம் அந்த உரிமைக் கோரிக்கைகளை எல்லாம் அப்படியே உறைய வைத்துவிட்டது. புதிதாகக் கோர முடியாது, பழையதை யாரும் கைவிடவும் வேண்டாம். அடுத்த வருடமே நிலையம் மூடப்பட்டது. என்னிடம் 1944ஆம் ஆண்டுத் தலைகள் முழுத் தொகுதியும் இருக்கிறது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சின்னக் காகிதம். அதற்குப் பின்னால் மூன்று நாடுகளின் சண்டை.

#5 வேம்படி

எல்லாம் படித்தேன். மனசில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முத்திரை சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒரு சாம்ராஜ்யம் தன் பட்டாவைக் காட்டக் கட்டிய வீடு அது. அதைப் பார்க்க ஒரு பருவத்துக்கு 18,000 பேர் கப்பலில் எண்ணெய் எரித்துக்கொண்டு போகிறார்கள். அண்டார்டிகாவுக்குப் போகும் பயணிகள் எண்ணிக்கை ஒரு பருவத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அங்கே முட்டையிட்டு அடைகாக்கும் பறவைக்கு நடுவே நாம் கடை வைத்து அட்டை விற்கிறோம். ஆட்கள் போய்விட்ட பிறகு கட்டடத்தை அகற்றிப் பாறையைப் பாறையாக விட்டிருக்கலாமே? மற்ற நிலையங்களில் அப்படித்தானே செய்யச் சொல்கிறார்கள்? ஞாபகத்துக்கு நல்ல புகைப்படங்கள் போதாதா?

#6 கப்பல்காரன்

நான் அந்தப் பக்கம் ஓடும் கப்பல்களில் நான்கு பருவம் வேலை பார்த்திருக்கிறேன். கடைநிலை ஊழியன்தான், ஆனாலும் கூடியே தீவில் பத்துப் பதினைந்து முறை கால் வைத்திருக்கிறேன். வேம்படி கேட்டது நியாயமான கேள்வி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பென்குயின். நிலையம் நடந்த காலத்தில் அந்தத் தீவில் பென்குயின்கள் கூடு கட்டியதில்லை. ஆட்கள் போன பிறகு, 1985 வாக்கில்தான் ஜென்டூக்கள் வந்து குடியேறின. எனவே அவற்றின் இடத்தை நாம் பிடுங்கிக் கட்டியதாகச் சொல்ல முடியாது. இரண்டாவது, 1996 முதல் அங்கே தொடர்ந்து கூடு, முட்டை, குஞ்சு என்று எண்ணிக்கொண்டே வருகிறார்கள். தீவில் ஒரு பகுதிக்கு யாரும் போகக் கூடாது, பணியாளர்களும் எண்ணுவதற்கு மட்டும்தான் போவார்கள். ஆள் நடமாடும் பக்கத்தையும் நடமாடாத பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். இத்தனை வருடத்தில் பார்வையாளர்களால் பெரிய வித்தியாசம் என்று ஒன்றும் தெரியவில்லை. பனி எவ்வளவு தாமதமாகக் கரைகிறது, கூனிப்பொடி போன்ற கிரில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் குஞ்சுகளின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, காசு. அந்தக் கடையிலும் தபாலிலும் வரும் பணம்தான் கூரைக்குப் போகிறது. அந்தக் கூரையைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குளிர்காலம் முழுக்கப் பனி மூடி, கோடையில் கரைந்து, பலகைக்குள் ஈரம் இறங்கிக்கொண்டே இருக்கும். வருடா வருடம் தார் பூசி, பலகை மாற்றி, வண்ணம் அடிக்காவிட்டால் ரொம்ப நாள் தாங்காது. 2022இல் பருவம் தொடங்கியபோது வீடே பனிக்குள் புதைந்திருந்தது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றின் ஆட்கள் வந்து மண்வெட்டியால் தோண்டித்தான் வழி செய்தார்கள்.

அங்கே வேலை செய்யும் நாலைந்து பேரும் நவம்பர் முதல் மார்ச் வரை பக்கத்தில் உள்ள தகரக் குடிசையில்தான் தங்குகிறார்கள். குழாய்த் தண்ணீர் கிடையாது. எங்கள் மாதிரிக் கப்பல் வந்தால்தான் குளியல். ஒரு தடவை எங்கள் கப்பலில் குளித்துவிட்டு வந்த பெண், சாப்பாட்டு அறையில் தட்டு நிறையப் பச்சைக் காய்கறியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கு அது மறக்கவில்லை. அடுத்த நாள் ரப்பர் படகில் ஒரு பெட்டி முட்டைக்கோஸ் அனுப்பினோம்.

#7 வேம்படி

நன்றி கப்பல்காரன். பென்குயின்கள் பின்னால் வந்தன என்பது எனக்குத் தெரியாது. எண்ணிக்கை எடுப்பதும் நல்ல விஷயம். கார்பன் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது.

#8 மைத்ரிவாசி

இந்த இழையில் நம் நாட்டு நிலையத்தைப் பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். நான் பல வருடம் முன்பு இந்தியப் பயணக் குழுவில் மைத்ரியில் ஒரு குளிர்காலம் இருந்தவன்.

முதல் இந்தியக் குழு காசிம் அவர்கள் தலைமையில் 21 பேராக 1982 ஜனவரி 9 அன்று அண்டார்டிகாவில் கால் வைத்தது. அடுத்த வருடமே நிலையம் கட்டும் வேலை ஆரம்பித்து, 1983-84இல் மூன்றாவது பயணத்தின்போது தட்சிண கங்கோத்ரி எழுந்தது. 12 பேர் முதல் குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். அங்கேயும் தபால் ஆபீஸ் இருந்தது, முத்திரைக்குத் தெரிந்திருக்கும். கோவா அஞ்சல் பிரிவின் கீழ்.

ஆனால் தட்சிண கங்கோத்ரியை இன்று யாரும் போய்ப் பார்க்க முடியாது. அது நின்றது பாறை மேல் இல்லை, கடலில் மிதக்கும் பனித்தட்டின் மேல். பனித்தட்டில் கட்டடம் கட்டினால் வருடா வருடம் விழும் பனி கரையாமல் சுற்றிலும் ஏறிக்கொண்டே போகும். கட்டடம் தன் வெப்பத்தாலும் எடையாலும் உள்ளே இறங்கும். சில வருடத்தில் ஜன்னல் மூடிவிடும், அப்புறம் கூரையில் குழாய் வைத்து ஏணியில் இறங்க வேண்டும். 1990இல் கைவிட்டார்கள். பிரிட்டிஷ்காரர்களின் ஹாலி நிலையத்துக்கும் அதே கதிதான். 1956இல் தொடங்கிய அந்த இடத்தில் முதல் நான்கு கட்டடங்களும் பனிக்குள் புதைந்து நசுங்கிப்போயின.

அதனால்தான் மைத்ரியை உள்ளே சுமார் 90 கி.மீ. தள்ளி, ஷிர்மாகர் பாறைச் சோலையில், தூண்கள் மேல் கட்டினார்கள். அதற்கடியில் காற்று ஓடும், பனி தங்காது. 1989 முதல் இன்று வரை நிற்கிறது.

தென்கடல் பார்த்த அந்த வீடு 80 வருடம் நிற்பதற்கு முதல் காரணம் அதன் அடியில் பாறை இருப்பது. இரண்டாவது காரணம் கப்பல்காரன் சொன்ன தாரும் பலகையும். நம் முதல் நிலையத்துக்கு முதல் காரணமே அமையவில்லை. முதல் பயணக் குழுவினர் பெயர்கள் பொறித்த பலகை ஒன்று 44ஆம் எண் வரலாற்றுச் சின்னமாகப் பட்டியலில் இருக்கிறது. அவ்வளவுதான் மிச்சம். அதனால்தான் எனக்கு போர்ட் லாக்ராய் மேல் ஒரு ஏக்கம். குளிர்கால நிலையத்தில் ஒரு மனிதன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான், ஈரக் காலுறையை எங்கே காயப்போட்டான் என்று என் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நமக்கு ஓர் அறைகூட இல்லை.

#9 தென்கடல்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. உங்கள் குளிர்காலத்தைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், தயவுசெய்து. அடுப்பு, தண்ணீர், தூக்கம், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள், எல்லாம் எழுதுங்கள். அறை இல்லாவிட்டாலும் வார்த்தை இருக்குமே.

ஆறு மாத இருட்டில் அவர்கள் எப்படித்தான் இருந்தார்களோ என்று அங்கே நின்றபோது நினைத்தேன்.

#10 மைத்ரிவாசி

எழுதுகிறேன் அம்மா. ஒரு சின்னத் திருத்தம். போர்ட் லாக்ராய் இருப்பது 64 டிகிரி 49 நிமிடத் தெற்கில். அண்டார்டிக் வட்டம் 66 டிகிரி 30 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. எனவே அங்கே சூரியன் முழுக்க மறைவதில்லை, ஜூனில்கூடச் சில மணி நேரம் வரும். ஆனால் சுற்றிலும் மலை இருப்பதால் அந்தச் சில மணி நேரமும் கண்ணில் படாது. மைத்ரி 70 டிகிரியைத் தாண்டி இருப்பதால் எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியனே கிடையாது. ஆறு மாத இருட்டு என்பது துருவப் புள்ளியில் மட்டும்தான்.

#11 புதுமழை

நான் போக நினைப்பவள். என் அப்பாவுக்கு 66 வயது, புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூட்டிக்கொண்டு போக ஆசை. கடலும் குளிரும் தாங்குவாரா? போர்ட் லாக்ராய்க்குக் கட்டாயம் போகும் கப்பல் எது என்று எப்படிப் பார்ப்பது?

#12 கப்பல்காரன்

தங்கச்சி, வயதை நினைத்துப் பயப்பட வேண்டாம். கப்பலில் வருபவர்களில் பாதிப் பேர் அப்பா வயதுதான். முழங்கால் முக்கியம். கப்பலிலிருந்து ரப்பர் படகில் இறங்கும்போது படகு மேலும் கீழும் ஆடும். இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொள்வார்கள், மணிக்கட்டோடு மணிக்கட்டு பிடித்துக்கொள்ள வேண்டும், விரலை மட்டும் பிடிக்கக் கூடாது. கூடியே தீவில் பாறை வழுக்கும், பென்குயின் எச்சம் அதைவிட வழுக்கும். வீட்டிலேயே படி ஏறி இறங்கிப் பழகச் சொல்லுங்கள்.

அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்து டிரேக் நீரிணையைக் கடக்க இரண்டு நாள். மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டால் பிரயோஜனமில்லை. குளிர் நினைப்பது போல இல்லை. டிசம்பர், ஜனவரியில் தீபகற்பத்தில் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். காற்றுதான் கொல்லும்.

கட்டாயம் போகும் கப்பல் என்று ஒன்றும் கிடையாது. அட்டவணையில் எழுதியிருந்தாலும் அன்றைய காற்றும் பனியும் சம்மதித்தால்தான். என் நான்கு பருவத்தில் வாசல் வரை போய்த் திரும்பிய நாட்களும் உண்டு. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் எங்குமே கரையிறக்காது, எனவே 200 பேருக்குள் உள்ள கப்பலாகப் பாருங்கள். நவம்பர் கடைசி என்றால் தூய பனி, டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சுகள், பிப்ரவரி என்றால் திமிங்கிலம் அதிகம். புவியியல் ஆசிரியர் என்றால் ஒரு காலி நோட்டு கொண்டுவரச் சொல்லுங்கள்.

#13 சிற்றலை

போர்ட் லாக்ராய்க்குத் தெற்கே அர்ஜென்டைன் தீவுகள் பக்கம் கப்பல் போனால் வேர்டி ஹவுஸ் என்ற பழைய ஆய்வு வீட்டையும் விட வேண்டாம். 1947இல் கட்டியது, 62ஆம் எண் சின்னம். ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் பயணத்தில் நிலவியலாளராக இருந்த வேர்டியின் பெயர். அங்கே கடையோ தபாலோ கிடையாது, நாலு அறை, ஓர் அடுப்பு. லாக்ராய் மூடியபோது அயனி மண்டல வேலை இடம் மாறியது அந்தத் தீவுக் கூட்டத்து நிலையத்துக்குத்தான். 1996இல் பிரிட்டன் அந்த நிலையத்தை ஒரே ஒரு பவுண்டுக்கு உக்ரைனுக்குக் கொடுத்தது. இப்போது பெயர் வெர்னாட்ஸ்கி. ஓசோன் ஓட்டையை 1985இல் உலகுக்குச் சொன்ன ஆய்வுக்கு ஹாலியின் அளவுகளோடு இந்த நிலையத்தின் அளவுகளும் சேர்ந்துதான் உதவின.

வேம்படிக்கு ஒன்று. அர்ஜென்டைன் தீவுகளில் அயனோசோண்ட் தொடர்ந்து ஏறத்தாழ நாற்பது வருடம் எடுத்த அளவை 1990களில் மொத்தமாக அலசினார்கள். மேல் அடுக்கின் உயரம் 38 வருடத்தில் சுமார் 8 கி.மீ. இறங்கியிருந்தது. கார்பன் டை ஆக்சைடு கீழே நம்மைச் சூடாக்கும், மேலே வளிமண்டலத்தைக் குளிரவைத்துச் சுருக்கும். அந்தச் சுருக்கத்தோடு ஒத்துப்போகிறது இது. உங்கள் கவலைக்கு ஆதாரமே இந்த மாதிரி வீடுகளில் உட்கார்ந்து ஃபிலிமை அளந்தவர்களிடமிருந்துதான் வந்தது.

#14 வேம்படி

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, அப்படியானால் இன்னொன்று கேட்கிறேன். என்றைக்காவது அந்தக் கூரைக்குக் காசு வராமல் போனால்? சும்மா விட்டுவிடலாமா?

#15 தென்கடல்

சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிசெப்ஷன் தீவு இருக்கிறது, வேம்படி. அதே 1944 பிப்ரவரியில், லாக்ராய்க்கு ஒரு வாரம் முன்னால், அதே குழு தொடங்கிய அண்ணன் நிலையம் அங்கே. 1967இலும் 1969இலும் எரிமலை பொங்கியதில் ஆட்கள் ஓடிவர வேண்டியதாயிற்று. எங்கள் கப்பல் அங்கேயும் நின்றது. சேற்று வெள்ளம் வீட்டின் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சுவர் சாய்ந்து, கூரை பிளந்து, உள்ளே கறுப்புச் சாம்பல் மேடு. அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், உள்ளே போகக் கூடாது. அதுவும் ஒரு வகையில் பார்க்க வேண்டிய இடம்தான், எரிமலையின் கதையைச் சொல்கிறது. ஆனால் அங்கே இருந்தவர்களைப் பற்றி அந்தச் சுவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

லாக்ராயில் 1944இல் இருந்த ஒன்பது பேரில் லாம்ப் என்று ஒரு தாவரவியலாளர். லைக்கன் ஆராய்ச்சிதான் அவருக்கு உயிர். நம் பிரியாணியில் போடும் கல்பாசி இருக்கிறதே, அந்த இனம். எப்போதும் கடலுக்கடியில் மூழ்கியே வாழும் ஒரு லைக்கனை அவர் அந்தத் துறைமுகத்துப் பாறையில்தான் கண்டெடுத்தார். போர் நடந்துகொண்டிருக்கிறது, நாட்டின் உரிமையைக் காட்ட அனுப்பியிருக்கிறார்கள், அவர் குனிந்து கல்லைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். நான் இறங்கிய பாறையிலும் ஆரஞ்சு நிறத்தில் திட்டுத் திட்டாக லைக்கன் இருந்தது. பணியாளர், அதை மிதித்துவிடாதீர்கள் அம்மா, அது வளர ரொம்ப வருடம் ஆகும் என்றார். காலைத் தள்ளி வைத்தேன்.

#16 புதுமழை

அப்பாவிடம் முழு இழையையும் படித்துக் காட்டினேன். குவளை வந்த இடத்தில் மறுபடி படி என்றார். நேற்றிலிருந்து மாடிப் படி ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டார். மைத்ரிவாசி ஐயா, உங்கள் இழை எப்போது என்று கேட்கச் சொன்னார்.

#17 மைத்ரிவாசி

இந்த ஞாயிறு தொடங்குகிறேன். முதலில் தண்ணீர் எடுத்த கதை. பிரியதர்ஷினி ஏரியில் பனியைத் துளைத்துப் பம்பு இறக்குவோம். அது உறைந்துபோன ஒரு ராத்திரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.